பழைய அரிசியும் கடைக்காரர் வாக்கும்

நம் கடைகளில் நாள் முழுவதும் புழங்கும் சொற்களில் 'பழசு' என்ற சொல்லுக்கு மட்டும் இரண்டு முகம் உண்டு. அரிசி வாங்க வரும் அம்மா, "பழசாப் பாத்துக் குடுங்க, புதுசு குழஞ்சு போகுது" என்று கேட்டு வாங்கிப் போகிறார். அதே அம்மா மறுநாள் வந்து, "இது பழைய சரக்காட்ட இருக்குதுங்களே" என்று பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி நீட்டுகிறார். ஒரே கல்லாவில், ஒரே வாயிலிருந்து, ஒரே சொல் பாராட்டாகவும் வருகிறது, வசவாகவும் வருகிறது.

எந்தச் சரக்குக்கு வயது ஏற ஏற மதிப்பு ஏறும்? எந்தச் சரக்குக்கு இறங்கும்? ஏறும் என்றால், அந்த வயதுக்கு யார் சாட்சி? மளிகைத் தொழிலில் இருக்கும் நாம் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தோம். சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கோவை ரங்கே கவுடர் வீதியில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் கூடிய எட்டுப் பேருக்கும் அந்த நினைப்பு கலைந்தது. அந்த மாலைப் பொழுதைத்தான் இங்கே வணிக நண்பர்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

போர்ட்டோ நகரிலிருந்து வந்த யோசனை

இந்த யோசனைக்குக் காரணமானவர் நம் அன்பர் ஒருவர். அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர். மகன் மேல்படிப்புக்காகப் போர்ச்சுக்கல் நாட்டிலுள்ள போர்ட்டோ நகரில் இருக்கிறான். மகனைப் பார்க்கப் போனவரை, அங்கே வீட்டுக்காரர் ஒருவர் தம் நண்பர்கள் கூடும் இடத்துக்கு அழைத்துப் போனாராம். 'போர்ட்' என்று உலகம் முழுவதும் பேர் பெற்ற ஒயினை, அதிலும் பல்லாண்டு முதிர்ந்ததை மட்டும், ஆளுக்குச் சிறிது ஊற்றி வைத்துக் கொண்டு, மோந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, மாலை முழுவதும் பேசிக் கொண்டிருந்தார்களாம்.

நம்மவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. "நான் வாயில வெக்கலீங்க. வாசம் மட்டும் பாத்தேன். காஞ்ச திராட்சை, வறுத்த கொட்டை, பழைய வெல்லப்பாகு எல்லாம் சேந்தாப்புல ஒரு வாசம்" என்றார். ஆனால் வியாபாரி கண் சும்மா இருக்குமா? அந்தச் சரக்குக்கு எப்படி வயது கணக்கிடுகிறார்கள், எப்படி விலை வைக்கிறார்கள் என்பதை எல்லாம் கேட்டுத் தெரிந்து கொண்டு வந்துவிட்டார். அவர் சொன்னதையும், பிறகு நாம் படித்து அறிந்ததையும் சேர்த்துச் சுருக்கமாகத் தருகிறோம்.

டூரோ என்ற ஆற்றின் மலைச் சரிவுகளில் விளையும் திராட்சையைப் பிழிந்து புளிக்க வைக்கிறார்கள். சர்க்கரை முழுவதும் புளித்துத் தீரும் முன்பே திராட்சைச் சாராயத்தைக் கலந்து புளிப்பை நிறுத்தி விடுகிறார்கள். இனிப்பு உள்ளேயே தங்கிவிடும், சரக்கும் கெடாது. ஆற்றின் கடைமடையில், போர்ட்டோ நகருக்கு எதிர்க்கரையில் உள்ள விலா நோவா டி காயா என்ற ஊரின் கிட்டங்கிகளில் மரப் பீப்பாய்களில் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

1703-ஆம் ஆண்டு இங்கிலாந்தும் போர்ச்சுக்கலும் செய்து கொண்ட மெத்துவன் உடன்படிக்கையால் இந்த ஒயினுக்கு இங்கிலாந்தில் வரி குறைந்தது, கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறினால் என்ன நடக்கும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரம் குறைந்த ஒயினுக்கு எல்டர் என்ற செடியின் கரும்பழச் சாற்றைக் கலந்து நிறம் ஏற்றி விற்றார்கள். பேர் கெட்டது, விலை சரிந்தது. 1756-இல் பொம்பால் பிரபு என்ற அமைச்சர், எந்த எல்லைக்குள் விளைந்தால்தான் போர்ட் என்று வரையறுத்துக் கட்டுப்பாடு கொண்டு வந்தார். அந்தப் பகுதியில் இருந்த எல்டர் செடிகளையே பிடுங்கி எறியச் சொன்னார் என்றால், கலப்படம் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

அங்கே இன்று வயதைத் தம் இஷ்டத்துக்குச் சொல்லி விற்க முடியாது. பீப்பாயில் முதிரும் 'டானி' என்ற வகையை 10, 20, 30, 40 ஆண்டு என்று போட்டு விற்க வேண்டுமானால், அரசு அமைப்பின் ருசி பார்க்கும் குழு அந்த வயதுக்குரிய குணம் அதில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அமைப்பு 1933-இல் தொடங்கியது. புட்டியில் அடைத்த ஆண்டையும் தனியாகப் போட வேண்டும். 'விண்டேஜ்' என்ற வகையில் அறுவடை ஆண்டையே அச்சிடுகிறார்கள். ஒரு வணிகர் தம்மிடம் இருக்கும் இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓராண்டில் விற்கக் கூடாது என்றும் ஒரு விதி. இருப்பு இருந்தால்தானே பழசு இருக்கும்!

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு நம் அன்பர் ஒரு கேள்வி கேட்டார். "நம்மகிட்டயும் பழைய சரக்கு இருக்குது. பழசுன்னு சொல்லிக் கூடுதல் விலைக்கும் விக்கறோம். நாம என்னைக்காச்சும் உக்காந்து ருசி பாத்திருக்கமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறே கூடுவது என்று முடிவாயிற்று.

நான்கு பாத்திரம், எட்டுச் சீட்டு

மாசி மாதம் இதற்கு ஏற்ற காலம். தை அறுவடை நெல் அரவைக்கு வந்திருக்கும். புதுப் புளி இறங்கத் தொடங்கியிருக்கும். பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல சமயம் இல்லை.

கடைக்கார அண்ணன், எங்களில் மூத்தவர், மாடியில் பாய் விரித்து வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் மாஸ்டர் ஒருவரையும் அழைத்திருந்தோம். அரிசியின் குணம் அடுப்பில்தானே தெரியும்? மாஸ்டர்தான் அன்று எங்களுக்கு நீதிபதி.

முதலில் அரிசி. நான்கும் பொன்னி ரகப் புழுங்கல்தான். நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னிக்குப் பின் அந்தப் பேர் நம் பக்கத்து வீடுகளில் நிலைத்துவிட்டது அல்லவா? ஒன்று இந்தத் தை அறுவடை. இன்னொன்று எங்களில் ஒருவர் தம் வீட்டுச் செலவுக்கென்று ஓராண்டாக மூட்டையில் வைத்திருந்தது. மூன்றாவது கடைக்கார அண்ணன் 'பழசு' என்று பலகை போட்டு விற்றுவரும் சிப்பத்திலிருந்து எடுத்தது. நான்காவது சென்ற மாதத் தேதி போட்ட பொட்டல அரிசி. எது எந்தப் பாத்திரம் என்பது மாஸ்டருக்கு மட்டும் தெரியும். ஒரே ஆழாக்கு, ஒரே அளவு தண்ணீர், ஒரே அடுப்பு. பாத்திரங்களுக்கு 1 முதல் 4 வரை எண். ருசி பார்த்து, பழசா புதுசா என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பேசக் கூடாது.

பச்சையாக இருக்கும்போதே மாஸ்டர் சில அடையாளங்களைக் காட்டினார். பழைய அரிசி சற்று மங்கலான பழுப்பு ஏறி இருக்கும். கையில் அள்ளித் தேய்த்தால் கலகல என்று ஓடும். புதுசு உள்ளங்கையில் சிறிது பற்றும். பல்லில் கடித்தால் பழசு டக்கென்று உடையும். ஆனால், "கண்ணையும் கையையும் ஏமாத்தலாமுங்க, உலையை ஏமாத்த முடியாது" என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. நாளாக ஆக அரிசி மணியில் உள்ள மாவுச்சத்தும் புரதமும் இறுகுகின்றன. அதனால் வேகும்போது தண்ணீரை அதிகம் ஏற்று விரிகிறது. கஞ்சியில் கரைவது குறைகிறது. ஒட்டாமல் உதிரியாக நிற்கிறது. அறுவடைக்குப் பிந்திய முதல் மூன்று நான்கு மாதங்களில்தான் இந்த மாற்றம் அதிகம். நம் ஊர் வெயிலில் கிட்டங்கிச் சூடு அதை இன்னும் துரிதப்படுத்தும். பழைய அரிசி சோறு காண்பதன் ரகசியம் இதுதான். அதற்கு ஈடாகப் புது அரிசியின் மணம் போய்விடும். பொங்கலுக்குப் புது அரிசியும் விருந்துக்குப் பழைய அரிசியும் என்று நம் பெரியவர்கள் பிரித்து வைத்தது சும்மா இல்லை.

சீட்டுகளைப் பிரித்தோம். இரண்டாம் பாத்திரம் பழசு என்று எட்டுப் பேரும் எழுதியிருந்தோம். அதுதான் ஓராண்டு வீட்டு மூட்டை. முதல் பாத்திரம் புதுசு என்பதிலும் சந்தேகம் இல்லை. நான்காம் பாத்திரத்தைப் பெரும்பாலோர் பழசு என்று எழுதியிருந்தோம். சென்ற மாதத் தேதி போட்ட பொட்டலம் அது! உள்ளே இருந்த அரிசி நன்றாக வயது ஏறியதுதான். பொட்டலத்தில் போடும் தேதி அடைத்த தேதி. அரிசியின் வயதை அது சொல்வதில்லை. பொட்டலப் பொருள் விதிகள் தேதியைக் கேட்கின்றன. எந்தப் போகத்து நெல் என்று கேட்கவில்லை. தினமும் நூறு பொட்டலம் விற்கும் நமக்கே இது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் பாத்திரம்? எட்டில் ஆறு பேர் புதுசு என்று எழுதியிருந்தோம். அந்த ஆறு சீட்டில் ஒன்று கடைக்கார அண்ணனின் சீட்டு.

மாஸ்டர் தயங்கித் தயங்கி, "அண்ணா, மூணாவது உங்க கடைப் பழசுங்க" என்றார்.

பதினோரு வருட வாடிக்கை

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணனே ஆரம்பித்தார். பதினோரு வருடமாக அவரிடம் அரிசி எடுத்து வந்த மெஸ்காரர் ஒருவர், ஐப்பசி மாதத்தில் திடீரென்று வாங்குவதை நிறுத்திவிட்டாராம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பாக்கி இல்லை. பக்கத்தில் எவரோ சிப்பத்துக்குப் பத்து இருபது குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, தாமும் விலையைக் குறைத்துச் சொல்லி ஆள் அனுப்பினாராம். அப்போதும் வரவில்லை.

"வெலைக்குப் போகலீங்க அவரு. சோறு குழஞ்சிருக்கும். சாப்பிட வந்தவங்க சொல்லியிருப்பாங்க. பதினோரு வருசப் பழக்கம், மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு சொல்லாமலே போயிட்டாரு" என்றார் அண்ணன். தாம் பழசு விலை கொடுத்துத்தான் கொள்முதல் செய்ததாகவும் சொன்னார்.

எங்களில் இளையவர் ஒருவர் ஆலைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கொதித்தார். அண்ணன் கையமர்த்தினார். "அப்படிச் சொல்லீரக் கூடாதுங்க தம்பி. அவங்க கணக்குல முந்தின போகத்து நெல்லு அரைச்சா அது பழசு. மூணு மாசமா இருந்தாலும் பழசுதான். எம் மனசுல பழசுன்னா ஒரு வருசம். மெஸ்காரரு மனசுல என்னவோ. நானும் எத்தனை மாசம்னு கேக்கல, அவங்களும் சொல்லல."

அன்று மாலையில் நாம் கேட்ட சொற்களிலேயே கனமானவை இவை என்போம். காங்கேயம் பக்கத்து ஆலைகளுக்குக் காவிரிப் பாசனப் பகுதியிலிருந்தும் நெல் வருகிறது, கர்நாடகத்திலிருந்தும் வருகிறது. ஒவ்வோர் இடத்துப் போகமும் வேறு, அறுவடை மாதமும் வேறு. ஆலை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, வாடிக்கையாளர் என்று நான்கு கை மாறும்போது 'பழசு' என்ற சொல் மட்டும் மாறாமல் வருகிறது. அதன் பொருள் நான்கு இடத்திலும் மாறிவிடுகிறது. எடைக்குக் கல் உண்டு, அளவுக்குப் படி உண்டு. வயதுக்கு நம்மிடம் ஒரு வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

புளியும் வெல்லமும் நார்த்தங்காயும்

அடுத்து புளி. புதுப் புளி செந்நிறத்தில் பளபளத்தது. சென்ற ஆண்டுப் புளி கறுத்திருந்தது. இரண்டையும் கரைத்து, உப்பும் மிளகும் மட்டும் போட்டு ரசம் வைத்தார் மாஸ்டர். புதுசு நாக்கில் சுருக்கென்றது. பழசில் புளிப்பு அடங்கி, நிறமும் கெட்டியும் கூடியிருந்தது. மீன் குழம்புக்கும் வத்தக் குழம்புக்கும் பழசைத்தான் எடுப்பேன் என்றார் மாஸ்டர். ஆனால் இன்று பெரும்பாலான வாடிக்கையாளர் சிவந்த புளியைத்தான் நயம் என்கிறார்கள். குளிர்பதனக் கிட்டங்கியில் வைத்த புளி ஆண்டு கடந்தும் சிவப்பாகவே வருகிறது. ஆகவே நிறத்தைப் பார்த்துப் புளியின் வயதைச் சொல்வதும் இனி நடக்காது.

பிறகு நாட்டுச் சர்க்கரை. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துச் சரக்கு நம் எல்லோருக்கும் பழக்கம். பழனி தேவஸ்தானமே பஞ்சாமிர்தத்துக்கு அங்கே கொள்முதல் செய்கிறது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப் பருவத்துச் சர்க்கரையில் கரும்புப்பால் மணம் தூக்கலாக இருந்தது. ஓராண்டு ஆனது கறுத்து, ஈரம் ஏறி, கட்டி தட்டியிருந்தது. நாட்டு வைத்தியர்கள் பழைய வெல்லம் கேட்டு வாங்குவார்கள். மற்றபடி இதில் வயதுக்குக் கூடுதல் விலை கேட்க முடியாது என்று முடிவு செய்தோம். வெல்லத்தில் உள்ள சர்க்கரைகள் மழைக்காலத்துக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொள்வதால், ஆடிக்கு முன் இருப்பைக் குறைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம்.

கடைசியாக ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வந்த ஜாடியைத் திறந்தார். உப்பு நார்த்தங்காய். நான்கு வருடத்துக்கு முன் அவருடைய தாயார் போட்டது. கருகருவென்று, தோல் மெத்தென்று ஆகியிருந்தது. ஆளுக்கு நகக்கண் அளவு வாயில் வைத்தோம். கசப்பு முழுவதும் போய், உப்பும் புளிப்பும் ஒன்றோடு ஒன்று கலந்து, விழுங்கிய பிறகும் வெகுநேரம் நாக்கில் நின்றது. போர்ட்டோ போய் வந்த அன்பர், "அந்த ஊரா இருந்தா இதுக்கு வருசம் போட்டு வித்திருப்பாங்க" என்றார். நார்த்தங்காய்க்காரரோ, "இதுக்கு வெலை போட முடியாதுங்க. அம்மா இப்ப இல்லை" என்று ஜாடியை மூடிவிட்டார்.

வயது தாங்காத சரக்கு

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அலமாரியின் பின் வரிசையில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த தேயிலைத்தூளையும் போட்டுப் பார்த்தோம். நிறம் இருந்தது, மணம் இல்லை. தேயிலை, காப்பித்தூள், மிளகாய்த்தூள், மசாலாத்தூள் ஆகியவற்றின் உயிரே மணத்தில் இருக்கிறது. பொடித்த நாளிலிருந்து அது காற்றோடு போய்க் கொண்டேதான் இருக்கும். கடலை எண்ணெய் நாளானால் காறல் அடிக்கும். நல்லெண்ணெய் தன் இயல்பான காப்புச் சத்தால் சற்று அதிக நாள் தாங்கும், அவ்வளவுதான்.

விதிவிலக்கு உண்டா என்றால் உண்டு. கப்பலில் மாதக்கணக்கில் போன பச்சைக் காப்பிக்கொட்டை கடல் ஈரத்தில் ஊறி வெளுத்து, புளிப்புத் தணிந்து போய்ச் சேர்ந்தது. அந்தச் சுவைக்குப் பழகிய அயல்நாட்டார் பிறகும் அதையே கேட்டதால், மங்களூர்ப் பக்கம் இன்றும் கொட்டையைத் தென்மேற்குப் பருவக்காற்றில் பரப்பி வைத்து 'மான்சூன்ட் மலபார்' என்று ஏற்றுமதி செய்கிறார்கள். அங்கும் வேண்டுமென்றே, கணக்கோடு, கவனித்து வைக்கிறார்கள். விற்காமல் தேங்கிய சரக்கு வேறு, முதிர வைத்த சரக்கு வேறு.

வயதின் விலை

பழைய அரிசிக்குக் கூடுதல் விலை கேட்பதில் தவறு இல்லை. ஓராண்டு முதல் முடங்குகிறது. வட்டி ஓடுகிறது, கிட்டங்கி வாடகை ஓடுகிறது. வண்டுக்கும் எலிக்கும் போக, எடையும் சற்றுக் குறைகிறது. போர்ட்டோக் கிட்டங்கிகளிலும் பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் சிறிது ஆவியாகிப் போகிறது. அந்த இழப்பும் விலையில் சேர்ந்ததுதான். இந்தச் செலவெல்லாம் செய்தவருக்குக் கூடுதல் விலை கேட்க உரிமை உண்டு. செய்யாதவர் அதே சொல்லைச் சொல்லி அதே விலை வாங்கினால், செய்தவர் எதற்காகச் செய்ய வேண்டும்? நாளடைவில் உண்மையான பழசே சந்தையில் இல்லாமல் போகும்.

அன்று பிரியும் முன் எட்டுப் பேரும் சில பழக்கங்களை ஏற்றுக் கொண்டோம். செலவில்லாதவை, எவரும் செய்யலாம்.

கொள்முதலின்போது 'பழசா?' என்று கேட்பதை விட்டு, எந்த மாதத்து அறுவடை, எந்த மாதம் அரைத்தது என்று கேட்பது. தெரிந்ததைச் சிப்பத்தின் மேல் மையால் எழுதி வைப்பது. தெரியாவிட்டால் நாம் வாங்கிய மாதத்தையாவது எழுதுவது.

ஒவ்வொரு புது வரவிலும் ஒரு ஆழாக்கு எடுத்து வீட்டில் உலை வைத்துப் பார்த்த பிறகே பலகை எழுதுவது. குத்தூசியால் எடுக்கும் சாம்பிள் கண்ணுக்குத்தான். வாய்க்கும் ஒரு சாம்பிள் வேண்டும்.

முதிர வைக்கும் மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் கட்டை போட்டுத் தனியே அடுக்குவது. புளியை உலோகப் பாத்திரத்தில் வைக்காமல் மண்பானையிலோ ஜாடியிலோ வைப்பது. தூள் வகைகளில் முன்னே வந்தது முன்னே போக வேண்டும் என்பதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது.

மறுநாள் காலை நாம் அந்த வழியே போனபோது, அண்ணன் கடையில் 'பழசு' என்ற பலகையைக் காணோம். அந்த இடத்தில் சாக்பீஸால் அரவை மாதமும் விலையும் மட்டும் எழுதியிருந்தது. சிப்பத்துக்கு முப்பது ரூபாய் இறக்கியும் இருந்தார். நட்டம்தானே என்று கேட்டோம். "இத்தனை நாளா வாங்குனதுதாங்க நட்டம்" என்றார். அன்று மாலை ஓராண்டு மூட்டையிலிருந்து ஐந்து கிலோ கட்டி எடுத்துக் கொண்டு, ஆள் அனுப்பாமல் தாமே மெஸ்காரரைப் பார்க்கப் போனாராம். நடந்ததை உள்ளபடி சொன்னாராம். மெஸ்காரர் காப்பி கொடுத்து, அரிசியை வாங்கி வைத்துக் கொண்டு, "ஆக்கிப் பாக்கறனுங்க" என்று மட்டும் சொன்னாராம். இதை எழுதும் வரை ஆர்டர் வரவில்லை.

வரலாம், வராமலும் போகலாம். ஒரு நாட்டு ஒயினுக்குப் போன பேரை மீட்க அமைச்சரும் சட்டமும் வேண்டியிருந்தது. நம் கடைக்குப் போன பேரை மீட்க நாம்தான் நடக்க வேண்டும். வணிக நண்பர்களே, அடுத்த விடுமுறை நாளில் உங்கள் கடைப் 'பழசு' ஒரு ஆழாக்கு எடுத்து, அது எது என்று சொல்லாமல் வீட்டாருக்கு ஆக்கிப் போட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பலகை எழுதுங்கள்.